அடுத்த வெள்ளத்துக்கு வசூல்: கேன் மட்டும் போதுமா?

பாகூர் ஏரிக்கரை:
2024-ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டப்ப, நாங்க பசங்க சேர்ந்து முகாம்களுக்குத் தண்ணி கேன் கொண்டு போனோம். இந்தத் தடவையும் கேன் மட்டும்தான். காசைப் பல பக்கம் சிதறவிட வேணாம்.

தேவனாம்பட்டினத்தா:
கேன் கொடுத்தது புண்ணியம் தம்பி. ஆனா நான் பள்ளிக்கூட முகாம்ல மூணு நாள் இருந்தவ. கக்கூஸ் ரெண்டு. ஒண்ணு அடைச்சுக்கிச்சு, இன்னொண்ணுல தாழ்ப்பாள் இல்ல, கரண்டும் இல்ல. பொழுது சாய்ஞ்சா பொம்பளைங்க யாரும் தண்ணியத் தொடல. கேன் சீல் உடைக்காம அப்படியே நின்னுச்சு.

பாகூர் ஏரிக்கரை:
அக்கா, கக்கூஸ் கட்டுறதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சிடும்.

கெடிலக்கரை:
கட்டச் சொல்லி யார் கேட்டா? இருக்கிறத ஓட வைக்கச் சொல்றாங்க. பேரிடர் நிவாரணத்துக்கு உலக அளவுல குறைஞ்சபட்ச அளவு சொல்ற ஸ்பியர் கையேட்டுக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 15 லிட்டர் வேணும். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 400 பேருக்கு 6,000 லிட்டர். உங்க 20 லிட்டர் கேன்ல 300! அதை ஒரு டேங்கர் லாரி ஒரே நடையில ஊத்திட்டுப் போயிடும். கழிப்பறை முதல் நாட்கள்ல 50 பேருக்கு ஒண்ணு, அப்புறம் 20 பேருக்கு ஒண்ணு. ஆம்பளைக்கு ஒண்ணுன்னா பொம்பளைக்கு மூணு.

பாகூர் ஏரிக்கரை:
லாரித் தண்ணி ப்ளீச்சிங் நாத்தம்னு ஜனங்க கீழ கொட்டுறாங்களே சார், அதுக்கென்ன சொல்றீங்க?

கெடிலக்கரை:
லேசா அந்த வாடை இருந்தாதான் நல்லது. குளோரின் கலந்து அரை மணி நேரம் கழிச்சும் லிட்டருக்கு 0.2-லேர்ந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் நிக்கணும். அதுக்கு மேல வாடை தூக்குச்சுன்னா கலக்கினவர் அளவுக்கு மேல போட்டுட்டார்னு அர்த்தம். கலங்கல் தண்ணின்னா குளோரினைச் சேறே தின்னுடும், முதல்ல படிகாரம் போட்டுத் தெளிய வைக்கணும்.

மஞ்சக்குப்பம் பேரன்:
எங்க ஆயா தேத்தாங்கொட்டைய உரைச்சுப் போடும். பளிங்கு மாதிரி ஆயிடும்!

கெடிலக்கரை:
பளிங்காகும், கிருமி சாகாது. தெளிய வச்சுட்டுக் குளோரினும் போடணும், இல்லாட்டி கொதிக்க வைக்கணும். நம்பிக் குடிச்சா பேதிதான்.

பாகூர் ஏரிக்கரை:
லாரி முகாம் வாசலுக்கு வர ரோடு இருக்கணுமே? ரோடு முங்கின முதல் ரெண்டு நாள் படகுல ஏறுறது கேன்தான். அதை நான் விடமாட்டேன். அக்கா, உங்க லிஸ்ட்டைச் சொல்லுங்க, பாப்போம்.

தேவனாம்பட்டினத்தா:
தாழ்ப்பாள், சார்ஜ் லைட், மக்கு, சோப்பு, நாப்கின், அதைப் போட மூடி வச்ச வாளி. அம்புட்டுதான். தாழ்ப்பாளுக்கு ஸ்குரூவும் ஸ்குரூடிரைவரும் சேத்து வாங்கு தம்பி, முகாம்ல தேடினா கிடைக்காது.