ஏப்ரலில் கெம்னிட்ஸ் வளாக விடுதி: சம்மர் செமஸ்டரில் சேர்பவர் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பொள்ளாச்சிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனி கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேருகிறேன், 2026 சம்மர் செமஸ்டர். ராய்ஷன்ஹைனர் ஸ்ட்ராஸெ வளாகத்திலேயே ஸ்டூடென்டன்வெர்க் (மாணவர் விடுதிகளை நடத்தும் அமைப்பு) விடுதியில் அறை கிடைத்துவிட்டது. எனக்குத் தனி அறை, சமையலறையும் குளியலறையும் இன்னும் இரண்டு பேரோடு பொது. ஒப்பந்தம் ஏப்ரல் 1 முதல். விமானம் ஏப்ரல் 2, வியாழன் மாலை பெர்லினில் இறங்குகிறது.

என் சந்தேகங்கள்:
1. இரவு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால் சாவி வாங்க முடியுமா?
2. மிக்ஸி, குக்கர் எடுத்து வரலாமா? மசாலா, நெய்?
3. பதிவு, வங்கி, விசா நீட்டிப்பு இவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும்?
4. பாடத்திட்டம் அக்டோபரில் சேர்பவர்களுக்குப் போட்டது போல இருக்கிறது. ஏப்ரலில் சேர்ந்தால் இரண்டாம் செமஸ்டர் பாடத்தை முதலில் படிக்க வேண்டுமா?

சாக்சனிவாசி:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல டிக்கெட்டை மாத்துங்க.

சாவி தர்றது ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பொறுப்பாளர். அவர் வேலை நாள்ல, குறிச்ச நேரத்துல மட்டும்தான் இருப்பார். ஏப்ரல் 3 புனித வெள்ளி, அப்புறம் சனி ஞாயிறு, 6 ஈஸ்டர் திங்கள். வியாழன் ராத்திரி வந்து நின்னீங்கன்னா சாவி கைக்கு வர்றது செவ்வாய் 7ஆம் தேதி. அதுவரைக்கும் ஹாஸ்டலோ ஹோட்டலோ, அஞ்சு ராத்திரிக்குக் காசு.

வழி ரெண்டு. ஒண்ணு, 1ஆம் தேதி புதன் காலையிலேயே கெம்னிட்ஸ்ல இருக்கிற மாதிரி வாங்க. இல்லைன்னா அங்க இருக்கிற ஒருத்தர் பேர்ல ஃபோல்மாஹ்ட், அதாவது அதிகாரக் கடிதம், எழுதிக் கொடுங்க. உங்க பேர், பிறந்த தேதி, சாவி வாங்கப்போறவர் பேர், அறை எண், கையெழுத்து, கூடவே பாஸ்போர்ட் நகல். அவர் வியாழன் பகல்ல வாங்கி வெச்சிருவார். ஆனா இதை ஸ்டூடென்டன்வெர்க்குக்கு முன்கூட்டியே மெயில்ல சொல்லி, சரின்னு பதில் வாங்கியிருக்கணும். ஈஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி மெயில் போட்டா பார்க்க ஆள் இருக்காது.

சாவியோட ஒரு ஒப்படைப்புப் படிவம் தருவாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அறையைச் சுத்திப் பாருங்க: மெத்தையில கறை, ஜன்னல் கைப்பிடி, அலமாரிக் கதவு, சுவர்ல ஆணி ஓட்டை, தரையில சூடு பட்ட தழும்பு. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, படிவத்துலயும் எழுத வையுங்க. எழுதாம விட்டது எல்லாம் காலி பண்ணும்போது உங்க முன்பணத்துல கழியும்.

அறையில கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி இருக்கும். தலையணை, போர்வை இருக்காது. ஏப்ரல்தானேன்னு மெல்லிசா ஒரு பெட்ஷீட்டோட வராதீங்க. ஊர் எர்ட்ஸ்கெபிர்கெ மலை அடிவாரம், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். ஏப்ரல் ராத்திரியில வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், சில வருஷம் பனியே விழும். கட்டில் 90×200 செ.மீ., இங்க வழக்கமான போர்வை 135×200, தலையணை 80×80. நம்ம ஊர்த் தலையணை உறை இதுக்குச் சேராது, அதைத் தூக்கிட்டு வரவே வேணாம்.

ஈஸ்டர்ல கடை: வெள்ளி, ஞாயிறு, திங்கள் பூட்டு. சனிக்கிழமை திறந்திருக்கும், ஆனா ஊரே வந்து நிக்கும். வியாழனே அரிசி, பருப்பு, முட்டை, பால், பிரெட் வாங்கி வெச்சுக்கோங்க.

எர்லாங்கன் அக்கா:

சமையல் பக்கம் நான் சொல்றேன்.

நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுவரத் தடை, பெட்டியைத் திறந்தால் அப்படியே குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. பொடிகள், காய்ந்த மிளகாய், புளி, ஊறுகாய் பிரச்சினை இல்லை.

குக்கர் வாங்குமுன் அடுப்பு என்ன வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதிகளில் பெரும்பாலும் வட்டத் தகடோ கண்ணாடி மேற்பரப்போ இருக்கும், அதற்கு அடி தட்டையாக இருந்தால் போதும். இண்டக்‌ஷனாக இருந்தால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. 3 லிட்டர் போதும். கூடுதல் கேஸ்கட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று கட்டாயம் வையுங்கள். உங்கள் பிராண்டுக்கு இங்கே கிடைக்காது.

மிக்ஸி என்றால் நான் வேண்டாம் என்பேன். மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இரண்டு ஊருக்கும் ஒன்றே, ஓடும். ஆனால் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் வேண்டும். ஜாரோடு சேர்த்து நாலைந்து கிலோ போய்விடும். சத்தமும் இருக்கிறது: இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம்.

தாளிப்பில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் விழுந்ததும் எழும் புகை கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், புகை உணர்விக்கு அது போதும். எண்ணெய் புகைய ஆரம்பிக்கும் முன்பே கடுகைப் போட்டு மூடுங்கள், மிளகாயைக் கடைசியில் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், நடைபாதைக் கதவு சாத்தியிருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: புகை வந்ததும் கதவைத் திறந்துவிட, அது நடைபாதை உணர்விக்குப் போய் மொத்தக் கட்டடமும் வெளியே நிற்கும். தீயணைப்பு வண்டி வந்தால் செலவை ஏற்படுத்தியவரிடம் கேட்பார்கள். அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிவைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது விதிமீறல்.

இட்லிக்கு சூப்பர்மார்க்கெட் ‘பார்பாய்ல்ட்’ நீள அரிசி நன்றாகவே ஒத்துவரும். அரிசி 4 பங்கு, உளுந்து 1, ஒரு கைப்பிடி அவல். ஏப்ரலில் அறை 19, 20 டிகிரிதான், மாவு பொங்க ஒரு நாள் முழுக்க ஆகும். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் நேரம் குறையும். அதே பாத்திரத்தில் ஜூலையில் வைத்தால் எட்டு மணி நேரத்தில் வழிந்து பக்கத்து ஆளின் பீட்சாவில் இறங்கும், பாதி அளவு ஊற்றி வையுங்கள்.

மின்கம்பி:

மூன்றாவது கேள்விக்கு. வரிசை மாறினால் ஒன்றுக்காக ஒன்று நிற்கும்.

சாவி வாங்கும்போதே வீட்டு உரிமையாளர் உறுதிப்படிவம், வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங், கேட்டு வாங்கவும். அது இல்லாமல் நகராட்சியில் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், நடக்காது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். நேரம் ஆன்லைனில் கிடைக்கும், ஊரிலிருந்தே இப்போதே போட்டு வையுங்கள். பதிவுச் சான்றோடு வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கு எண்ணோடு ஷ்பெர்கோன்டோவை (விசாவுக்காகப் பணம் போட்டு முடக்கி வைத்த கணக்கை) திறத்தல், அதன் பிறகுதான் மாதம் 992 யூரோ வர ஆரம்பிக்கும். இடையில் மூன்று நான்கு வாரம் ஓட வேண்டும். வாடகை, முன்பணம், மாதம் சுமார் 150 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் வந்து நிற்கும். 1,200 யூரோவாவது தனியாக வைத்திருங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், பல்கலைக்கழகம் ஒரு மாதிரி, காப்பீடு ஒரு மாதிரி, வங்கி இன்னொரு மாதிரி பெயரைப் பிரித்துப் போடும். இங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, வேறொரு நாள் தனி உறையில் வரும் பின் எண், எல்லாமே தபால்தான். முதல் நாளே பெட்டியில் உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் முழுதாக, இனிஷியல் இல்லாமல் போடுங்கள்.

பதிவு முடிந்த சில வாரத்தில் ருண்ட்ஃபுங்க்பைட்ராக் கடிதம் வரும், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம். மோசடி என்று கிழித்துப் போட வேண்டாம். டிவி இல்லை என்பதும் எடுபடாது. மாதம் 18.36 யூரோ, ஒரு குடியிருப்புக்கு ஒரு கட்டணம். உங்களைப் போல மூன்று பேர் ஒரே வாசலுக்குள் இருந்தால் ஒருவர் கட்டி, மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் போதும், ஆளுக்கு 6.12 ஆகும். அறைக் கதவு நேராகப் பொது நடைபாதைக்குத் திறக்கும் விடுதியில் ஒவ்வொரு அறையும் தனிக் குடியிருப்பாகக் கணக்காகும், அங்கே பங்கு போட முடியாது.

விசா முடியும் தேதியைப் பார்த்து, குறைந்தது எட்டு வாரம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்கவும். முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருப்பதுதான் முக்கியம். ஊரில் எடுத்த காகிதப் புகைப்படம் உதவாது, 2025 மே முதல் டிஜிட்டல் படம்தான்.

விடுதி இணையத்துக்கு ஒரு லேன் கேபிள் கையில் வைத்திருங்கள். கெம்னிட்ஸ் விடுதிகளில் மாணவர்களே நடத்தும் வலையமைப்பு உண்டு, பதிவு செய்த பிறகுதான் இணைப்பு.

மாடுல்கணக்கர்:

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் இரண்டு வருடத்தைத் தீர்மானிப்பது.

ஆமாம், பாடத்திட்டம் குளிர்காலத் தொடக்கத்துக்கு எழுதப்பட்டதுதான். ஏப்ரலில் வருபவர் இரண்டாம் செமஸ்டர் பாடங்களில் நேராக விழுகிறார். உங்கள் பிரிவின் படிப்பு விதிமுறையை இறக்கிக்கொள்ளுங்கள். பின்னிணைப்பு 1 பாட அட்டவணை, பின்னிணைப்பு 2 ஒவ்வொரு மாடுலின், அதாவது பாடத் தொகுதியின், விவரம். இரண்டாவதில் மூன்று வரியை மட்டும் படித்தால் போதும்.

ஒன்று, எந்த செமஸ்டரில் நடத்துகிறார்கள். பல மாடுல்கள் வருடத்துக்கு ஒருமுறைதான். சம்மரில் மட்டும் வருவதை இப்போது விட்டால் அடுத்தது 2027 ஏப்ரல். எனவே சம்மரில் மட்டும் நடக்கும் கட்டாயப் பாடங்களை முதலில் குறியுங்கள். இரண்டு, முன்தேவை. ‘பரிந்துரை’ என்றிருந்தால் நூலகப் புத்தகத்தை வைத்துத் தேறலாம், கட்டாயம் என்றிருந்தால் தொடாதீர்கள். மூன்று, ப்ரூஃபுங்ஸ்ஃபோர்லைஸ்டுங், தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய லேபோ ஒப்படைப்போ. அதை முடிக்காதவருக்குத் தேர்வறைக்குள் இடம் இல்லை.

லேப் குழுக்கள் ஓபால் என்ற பல்கலைக்கழக இணையப் பாடத் தளத்தில் திறக்கும், முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும். முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், பாடப் பக்கத்தில் இப்போதே சேர்ந்து அறிவிப்பை இயக்கி வையுங்கள்.

ஓபாலில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. வகுப்புக்கு ஒரு நாள் விடாமல் போனாலும் தேர்வுப் பதிவுக் காலத்தைத் தவறவிட்டால் எழுத முடியாது. நம் ஊரில் கல்லூரியே ஹால் டிக்கெட் தரும் பழக்கத்தில் வருபவர்களுக்கு இது புரிய ஒரு செமஸ்டர் ஆகிறது.

எத்தனை எடுப்பது? அட்டவணை 30 கிரெடிட் என்னும். முதல் சம்மருக்கு 20 முதல் 24 என்பது என் கணக்கு. வகுப்புகள் ஏப்ரலிலிருந்து ஜூலை நடு வரைதான், ஊடே மே 1, விண்ணேற்ற விழா, பெந்தகொஸ்தே திங்கள் என்று விடுமுறை தின்றுவிடும். பதிவு, வங்கி என்று அலுவலகங்களுக்கு அலைவதிலேயே முதல் மாதம் பாதி போகும். ஒரு கிரெடிட் சுமார் 30 மணி நேர உழைப்பு, வகுப்பு நேரம் அதில் சிறு பகுதி.

சும்மா எழுதிப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். கெம்னிட்ஸ் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் தோற்ற தேர்வை ஒரு வருடத்துக்குள் திரும்ப எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் அதுவும் தோல்வியாகவே பதிவாகும். மூன்றாவது வாய்ப்பு விண்ணப்பித்தால் மட்டும், அடுத்த தேர்வு நாளிலேயே. கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் படிப்பே முடிந்தது. தயாரில்லை என்றால் விதிமுறையில் உள்ள கெடுவுக்குள் விலகிவிடுங்கள், விலகியதற்குத் தண்டனை கிடையாது.

ஜூன், ஜூலையில் குளிர்கால செமஸ்டருக்கான கட்டணத்தைக் கட்ட மறக்க வேண்டாம். சேர்ந்து மூன்று மாதம்தானே ஆகிறது என்று நினைப்பவர்கள்தான் தவறவிடுகிறார்கள். கட்டாதவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், அதோடு விசாவும் ஆட்டம் காணும்.

பொள்ளாச்சிக்காரன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. டிக்கெட்டை மாற்றிவிட்டேன், மார்ச் 31 இரவு லெய்ப்ஸிக்கில் தங்கல், 1ஆம் தேதி காலை கெம்னிட்ஸ். ஜூலையில் அறை ரொம்பச் சூடாகும் என்கிறார்களே, ஃபேன் இருக்குமா? ஆகஸ்ட், செப்டம்பரில் வேலை பார்க்கலாமா?

சாக்சனிவாசி:

லெய்ப்ஸிக்ல இருந்து ஆர்.இ.6 ரயில், மணிக்கு ஒண்ணு, ஒரு மணி நேரப் பயணம். கெம்னிட்ஸ் ஸ்டேஷன்லயே டிராம் 3, இல்லைன்னா சி13, சி14, சி15 ஏறி டி.யூ. கம்பஸ் நிறுத்தத்துல இறங்குங்க. பெட்டியோட மாறி ஏற வேண்டாம்.

ஃபேன் கிடையாது, ஏசி பேச்சே வேணாம். மேல் மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல்னா ஜூலையில 30 டிகிரி தாண்டும். நம்ம வழக்கப்படி பகல்ல ஜன்னலைத் திறந்து வெச்சீங்கன்னா வெளிச்சூடு உள்ள வந்து சுவர்ல தங்கிரும். காலை எட்டுக்கு முன்னாடியே சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ராத்திரி பத்துக்கு மேல முழுசாத் திறங்க. மேசை ஃபேனை ஏப்ரல், மே மாசத்துலயே வாங்குங்க, முதல் வெயில் அலையில கடையில தீர்ந்துரும். ஏப்ரல்ல தலைகீழ்: துணியை அறையில காயப்போட்டா ஜன்னல் ஓரம் பூஞ்சை பிடிக்கும், தினம் ரெண்டு தடவை அஞ்சு நிமிஷம் ஜன்னலை அகலத் திறங்க, அந்த நேரம் ஹீட்டரை அடைச்சிருங்க.

வேலைக்கு வருஷத்துல 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். ஏப்ரல்ல இருந்தே எண்ணிக்கையை எழுதி வெச்சுக்கோங்க. ஆகஸ்ட்ல தேடத் தொடங்கினா லேட், மே மாசமே ஜெர்மன்ல ஒரு பக்க விவரக்குறிப்பு தயார் பண்ணுங்க.

எர்லாங்கன் அக்கா:

இன்னொன்று. கோடையில் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் திரும்பியதும் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு ஓரம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவாதீர்கள், முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரத்தில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் டாக்டரிடம் போங்கள். எர்ட்ஸ்கெபிர்கெ மாவட்டம் உண்ணி வழி மூளைக்காய்ச்சல் அபாயப் பகுதி. அதற்குத் தடுப்பூசி உண்டு, காப்பீட்டில் அடங்கும், ஏப்ரலிலேயே குடும்ப டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.