தோட்டத்துக் கோவில்களில் பூசையை நிறுத்தலாமா?

மேற்பிரிவு:
போன ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் (ஈஸ்டருக்குப்) பிறகு எங்கள் கத்தோலிக்கப் பங்கில் உள்ள நான்கு தேயிலைத் தோட்டக் கோவில்களிலும் மாதம் ஒரு தடவை நடந்த பூசை இனி இல்லையாம். எல்லோரும் ஞாயிறு காலை 9 மணிக்கு டவுன் கோவிலுக்கு வர வேண்டும், பங்கு ஒரு பஸ் பேசித் தரும். சொன்ன காரணங்கள்: இருப்பது ஒரே ஒரு பாதர், புயலுக்குப் பிறகு பாதை சரியில்லை, கூரை ஒழுகுகிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பங்கு என்று மட்டும் வைத்துக்கொள்வோம், பெயர்களை யாரும் இங்கே போட வேண்டாம். பாதர் மேல் எனக்குக் கோபமில்லை. மனுஷன் பாவம், ஒரு மோட்டார் சைக்கிளில் மலை மலையாக ஏறி இறங்குகிறார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் என்ன நாள் என்று பங்குச் சபையில் யாராவது கேட்டார்களா? கைக்காசு நாள். பறிக்கிற கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்கே காசு. கிழமை நாளில் கிலோ குறைந்து அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த வீட்டுக்கு அந்தக் காசுதான் பிள்ளையின் பஸ் செலவு. மாதத்தில் ஒரு ஞாயிறு பாதர் வருகிறார் என்றால் அன்றைக்குக் கூடையை எடுக்க மாட்டார்கள். எல்லா ஞாயிறும் விடு என்றால் யார் விடுவார்?

டவுன் பாட்டுக்குழு:
அந்த முடிவுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, அதனால் நானே பதில் சொல்கிறேன். மாதத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பூசை. அதில் மழைக்கு ஒன்று, பாதர் தியானத்துக்குப் போனதால் ஒன்று, பாதை மூடியதால் ஒன்று கழியும். மிச்சமிருக்கும் பூசையும் எப்படி நடக்கிறது தம்பி? அடுத்த தோட்டத்துக்கு ஓட வேண்டும் என்று முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பாவசங்கீர்த்தனம் கேட்க நேரமில்லை. முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகிற பிள்ளைகளுக்குக் கடைசி மூன்று வாரத்தில் மந்திரங்களைத் திணிக்கிறோம். அந்தப் பிள்ளைகளை நான்தான் படிப்பிக்கிறேன், "நற்கருணை என்றால் என்ன?" என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

டவுனுக்கு வந்தால் வாராவாரம் பூசை, மறைக்கல்வி, பாட்டுக்குழு, இளைஞர் மன்றம் எல்லாம் கிடைக்கும். பன்னிரண்டு அவசரப் பூசையைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சண்டையா?

கொழுந்துக்காரி:
அக்கா, பஸ் ரோட்டில் நிற்கும். எங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்து ரோட்டுக்கு இறங்க அரை மணி நேரம், திரும்பி ஏற ஒரு மணி நேரம். என் மாமியாருக்கு முட்டி மடங்காது. கோவில் லயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவர் இன்னும் நன்மை வாங்குகிறார். பஸ்ஸில் அவரை யார் தூக்கி வைப்பார்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். டவுன் கோவிலில் நாங்கள் எங்கே உட்காருகிறோம் என்று பார்த்திருக்கிறீர்களா? கதவுப் பக்கம். யாரும் அங்கே உட்காரச் சொல்வதில்லை. ஆனால் முன் வாங்கில் போய் உட்கார்ந்தால் சேலையில் இருந்து செருப்பு வரைக்கும் ஒரு பார்வை வரும் பாருங்கள்! பிரசங்கமும் பாதிக்கு மேல் சிங்களம். சிங்களச் சனமும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேண்டும்தானே, குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் சின்னக் கோவிலில் பாதர் ஒரு பகிடி விட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

உபதேசியார் பேரன்:
இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். இந்த நாட்டில் கத்தோலிக்கம் பிழைத்ததே பாதர் இல்லாமல்தான். ஒல்லாந்தர் கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் பிடித்தார்கள். குருக்களைத் துரத்தினார்கள். புனித யோசப் வாஸ் கோவாவில் இருந்து 1687இல் ஒளிந்து வந்து சேரும் வரைக்கும் ஏறத்தாழ முப்பது வருஷம். அவ்வளவு காலமும் செபத்தை நடத்தியது மூப்பரும் அண்ணாவியாரும்தான், சாதாரணக் குடும்பக்காரர்கள். மலையகத் தோட்டங்களிலும் அப்படித்தான். என் தாத்தா மாதிரி உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து செபமாலை சொல்லி, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்து, செத்த வீட்டில் நின்று இந்தச் சனத்தைக் கட்டி வைத்தார்கள். உபதேசியார்கள் குறைந்த பிறகுதான் எல்லாம் பாதர் தலையில் ஏறியது.

ஆகவே பூசையா பஸ்ஸா என்று அடித்துக்கொள்வதை விட, பாதர் வராத ஞாயிறுகளில் தோட்டத்திலேயே இறைவார்த்தை வழிபாடு நடத்தலாமே. இது நான் கண்டுபிடித்தது இல்லை. குரு இல்லாத இடத்தில் ஞாயிறு வழிபாட்டை எப்படி நடத்துவது என்று ரோமாபுரி 1988இலேயே தனி வழிகாட்டி கொடுத்துவிட்டது. திருச்சபைச் சட்டம் 1248 என்ன சொல்கிறது? குரு கிடைக்காவிட்டால் இறைவார்த்தை வழிபாட்டில் பங்கெடுங்கள், அல்லது குடும்பமாக, குடும்பங்கள் சேர்ந்து செபியுங்கள்.

ஊவாக்காரன்:
அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது, செய்து பார்த்தால் வேறு மாதிரி. எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இதைத் தொடங்கினார்கள். முதல் ஆறு மாதம் நல்ல கூட்டம். அப்புறம் யார் நடத்துவது என்பதில் இரண்டு குடும்பத்துக்குள் போட்டி. ஒருவர் வாசகத்தை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் வைத்தார், அதில் பாதி பக்கத்து லயத்துக்காரனைப் பற்றி! சனம் பார்த்தது: பாடுகிறோம், பைபிள் வாசிக்கிறோம், ஆள் ஒருவர் பேசுகிறார். இதைத்தான் கீழே தகரக் கொட்டிலில் வேறு கிறிஸ்தவ சபைக்காரர்களும் செய்கிறார்கள், அங்கே கிற்றாரும் இருக்கிறது என்று நாலைந்து வீடு போய்விட்டது. நற்கருணை இல்லாமல் வாராவாரம் கூடிப் பழகினால், நற்கருணை இல்லாமலும் முடியும் என்று மனசு பழகிவிடும். எனக்கு அதுதான் பயம்.

மேற்பிரிவு:
சபைக்கு ஏன் போகிறார்கள் என்று அந்த வீடுகளில் கேட்டீர்களா? எங்கள் பிரிவில் நான் கேட்டேன். ஒரு அம்மா சொன்னார், "பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது பாஸ்டர் ராத்திரி எட்டு மணிக்கு வந்து செபித்தார்." கிற்றாரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோவிலைப் பூட்டி, பஸ்ஸை ரோட்டில் நிறுத்தினால் நாங்களே அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறோம்.

உபதேசியார் பேரன்:
ஊவாக்காரரே, உங்கள் மறைமாவட்டமே எப்படித் தொடங்கியது? 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது முதல் ஆயராக (பிஷப்பாக) வந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. அப்போது அவர் கண்டியின் ஆயர். பெரிய மறைமாவட்டத்தை விட்டுவிட்டுச் சின்னதற்கு, வசதி இல்லாததற்கு, தோட்டத்துச் சனமும் ஏழை விவசாயிகளும் இருக்கிற பக்கத்துக்கு வந்தார். சனத்தை நோக்கித்தான் ஆயர் நகர்ந்தார். இங்கே சனத்தை நகர்த்தப் பார்க்கிறார்கள்.

போட்டி வருகிறது என்பது உண்மைதான். அதற்குத்தான் ஆளைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, ஆயரின் அனுமதியோடு நியமிப்பது. பிரசங்கத்தைப் பாதரே எழுதிக் கொடுக்கட்டும், அதை வாசித்தால் போதும். பக்கத்து லயத்துக்காரன் தப்பித்துக்கொள்வான்.

டவுன் பாட்டுக்குழு:
சரி, யோசப் வாஸைக் கூப்பிட்டீர்கள், அவரிடமே போவோம். 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். வெளியே வந்த பிறகு அங்கே கோவில் வைத்தார், சனம் காடு மலை தாண்டி அவரைத் தேடி வந்து பாவசங்கீர்த்தனம் செய்தது. "எங்கள் வாசலுக்கு வந்தால்தான்" என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பஸ் கூட இல்லை!

பைபிளில் எம்மாவுஸ் ஊருக்குப் போன இரண்டு சீடர்களையும் யோசித்துப் பாருங்கள், உயிர்த்த ஆண்டவர் வழியில் கூட நடந்தும் அவரை யார் என்று தெரியாதவர்கள். அந்த ஊர் எருசலேமில் இருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர். அப்பம் பிட்டதும் ஆண்டவரை அடையாளம் கண்டார்கள், சரி. அடுத்த நிமிஷம் என்ன செய்தார்கள்? "எங்கள் ஊரிலேயே ஆண்டவர் வந்துவிட்டார்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்களா? ராத்திரியோடு ராத்திரியாக அதே பாதையில் எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள், பதினொருவரும் மற்றவர்களும் கூடியிருந்த இடத்துக்கு. நான்கு தோட்டமும் டவுனும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருந்தால் அது பங்கா? முன் வாங்கு, பின் வாங்கு என்று அந்தத் தங்கச்சி சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் அவர்கள் வராமலே இருந்தால் அந்த வாங்கு எப்படி மாறும்?

உபதேசியார் பேரன்:
நல்ல வாதம், மறுக்கவில்லை. ஆனால் திரும்பி ஓடுவதற்கு முன் நடந்ததைத் தாண்டிப் போகிறீர்கள். அந்த இருவரும் எருசலேமை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தவர்கள், மனமுடைந்து. ஆண்டவர் எருசலேமில் உட்கார்ந்துகொண்டு ஆள் அனுப்பவில்லை. அவர்கள் போகிற பக்கமே கூட நடந்தார், வழி நெடுகக் கேட்டார், அவர்கள் வீட்டு மேசையில்தான் அப்பத்தைப் பிட்டார். ஓட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. யோசப் வாஸும் கண்டியிலேயே குந்தியிருக்கவில்லை அக்கா. தீவு முழுக்க வெறுங்காலோடு நடந்தவர் அவர். 1697இல் கண்டியில் அம்மை வந்து ஊரே காட்டுக்கு ஓடியபோது நோயாளிகளைத் தேடிப் போய்க் கழுவித் துடைத்தவர்.

கொழுந்துக்காரி:
2025 நவம்பர் டித்வா புயலில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் எழுதவில்லை. 30ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மேல் லயத்துச் சனம் பயத்தில் இறங்கி வந்து எங்கள் கோவிலுக்குள்தான் படுத்தது, இந்துவும் கத்தோலிக்கரும் ஒன்றாக. அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கிற ஆயாதான் செபம் சொன்னார், வாசகத்தை என் மகள் வாசித்தாள். அதைக் குறைந்த செபம் என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். பூட்டிக் கிடந்திருந்தால் அந்தச் சனம் எங்கே போயிருக்கும்?

ஊவாக்காரன்:
ஆபத்து நேரத்துச் செபத்தை யாரும் குறைத்துச் சொல்லவில்லை தங்கச்சி. எங்கள் பக்கமும் அதே புயல்தான், அதே இருட்டுத்தான். ஆபத்து நேரத்தில் செய்ததை ஒவ்வொரு ஞாயிறும் வழக்கமாக்கலாமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு உங்கள் பதில் ஆம் என்றால், பிறகு பாதர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் பதில் தயாராக வைத்திருங்கள்.

செவ்வாய்க்கிழமை:
நான் இந்து. ஆனால் செவ்வாய் தவறாமல் நம் தோட்டத்து அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவன், அந்த உரிமையில் எழுதுகிறேன். தோட்டக் கந்தோரில் (அலுவலகத்தில்) வேலை. நீங்கள் பூசையைப் பற்றியே பேசுகிறீர்கள், காணியை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோவிலுக்குக் காணி உறுதி (பத்திரம்) இல்லை. காணி அரசாங்கத்துடையது, 1992இல் இருந்து நிர்வாகம் கம்பனியிடம். உங்கள் தாத்தா பாட்டி கல் சுமந்து கட்டினார்கள் என்பது ஊருக்குத் தெரியும், கடதாசியில் இல்லை. மாதம் ஒரு நாளாவது பாதர் வந்து போனால் அது கோவில். ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தால் புதிதாக வருகிற துரைக்கு (தோட்ட மனேஜருக்கு) அது ஒரு வெறும் கட்டடம். உரம் வைக்க இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். எங்கள் மாரியம்மன் கோவிலில் தினமும் விளக்கு வைப்பதற்குப் பக்தி ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

டவுன் பாட்டுக்குழு:
இதை எங்கள் பங்குச் சபைக் கூட்டத்தில் ஒருவரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். தம்பி, கட்டடத்துக்கு வரிப்பணம் அல்லது மின்சாரப் பட்டியல் பங்கின் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று கந்தோரில் பார்த்துச் சொல்ல முடியுமா?

என் நிலைப்பாடு இன்னும் மாறவில்லை. பிள்ளைகளின் மறைக்கல்வியும் பெரிய திருநாள்களும் டவுனில் ஒன்றாக நடக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பூசைக்கு ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிறு பூசைக் கடமைக்குப் போதும், உபதேசியார் பேரன் காட்டிய அதே 1248இல் அதுவும் இருக்கிறது. சனி மாலை ஒரு தோட்டம், அடுத்த சனி அடுத்த தோட்டம் என்று சுற்றி வந்தால் கைக்காசும் போகாது, கோவிலும் பூட்டாது. பாதருக்கு ஞாயிறு காலை ஓட்டமும் குறையும். மற்ற மூன்று வாரத்துக்கு ஆயாவின் செபமா டவுன் பஸ்ஸா என்பதை அந்தந்தத் தோட்டமே தீர்மானிக்கட்டும்.

ஊவாக்காரன்:
ஆயா செபம் சொல்வதானால் முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

மேற்பிரிவு:
சனிக்கிழமைத் திட்டத்தை எங்கள் பிரிவில் ஏற்றுக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளை டவுனுக்கு அனுப்பும் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, அதை நேரில் பேசுவோம். வருகிற சனி நான்கு மணிக்குப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போடச் சொல்லிப் பாதரிடம் கேட்கலாமா?

கொழுந்துக்காரி:
நான்கு மணிக்கு நாங்கள் மலையில் நிற்போம். கொழுந்து நிறுத்து முடியவே நாலரை தாண்டும். ஆறு மணிக்கு வைத்தால் எங்கள் பக்கத்தில் இருந்தும் ஆள் வரும்.

டவுன் பாட்டுக்குழு:
ஆறு மணிக்கு மண்டபத்தில் மரியாயின் சேனைக் குழுவின் கூட்டம் இருக்கிறது. அவர்களைக் கேட்டுவிட்டு ராத்திரி எழுதுகிறேன்.