வெளிநாட்டில் இருந்துகொண்டு கடலூரில் முதல் வீடு: பத்திரத்துக்கு முந்தைய வாரங்கள்

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டாயிற்று, கிரயம் மட்டும் பாக்கி. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போன புதிதில் ஊரில் வீடு வாங்குகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். விலை கூடிப்போச்சோ, வாஸ்து சரியில்லையோ என்று மனசு எங்கெங்கோ ஓடும். அதெல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால் பட்டிருக்க வேண்டிய கவலை. இப்போது பத்திரங்களைப் பற்றி மட்டும் கவலைப்படுங்கள்.

அக்ரிமெண்ட் நேரத்தில் பார்த்த வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களின் பட்டியல், போதாது. பதிவுக்கு முந்தைய நாள் மறுபடியும் பாருங்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் தளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். "பேங்க் கடனை அடைச்சிட்டேங்க" என்று விற்பவர் சொன்னால், அடமானம் தீர்ந்ததைக் காட்டும் ரத்து ரசீது பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிக் குத்தகையும் அதில் வராது. அதற்குத்தான் வக்கீல். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

நேரில் வர முடியாவிட்டால், உங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்திட பவர் (அதிகாரப் பத்திரம்) எழுத வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, அசலை ஊருக்கு அனுப்புங்கள். வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தூதரகத்தில் நாள் கிடைப்பதும் கூரியரும் இழுத்தடிக்கும். இது முடியாமல் பதிவுக்குத் தேதி குறிக்காதீர்கள். அப்பாவுக்கோ மச்சானுக்கோ கொடுத்தாலும், இந்தச் சர்வே எண்ணில் உள்ள வீட்டை வாங்க மட்டும் என்று எழுதுங்கள். பொது அதிகாரம் கேட்டால் கொடுக்காதீர்கள். நெருங்கிய சொந்தம் என்றால் இன்னும் யோசியுங்கள்.

பணம், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாகக் கையில் வேண்டும். வீட்டுக் கடனில் இது பெரும்பாலும் சேராது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவரும் வெளிநாட்டுவாசியா? அப்போது கணக்கே வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

"பாண்டிக்குப் பக்கத்தில்" என்ற விளம்பரத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடலூர்–புதுச்சேரி சாலையில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. பதிவு அலுவலகம், கட்டணம், ஆவணம் எல்லாமே மாறும். புதுச்சேரி டவுனில் பழைய வீடு என்றால் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) பிரெஞ்சில் இருக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், பங்குள்ள அண்ணனோ அத்தையோ பிரான்சில் இருப்பது. "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். கையெழுத்து வரும்வரை மீதிப் பணம் நகரக் கூடாது. பதிவு தள்ளிப்போனால் போகட்டும், அக்ரிமெண்ட் கெடுவை மட்டும் எழுத்தில் நீட்டிக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன் யாரையாவது அனுப்பி வீட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கட்டும். புரோக்கரிடம் அந்தக் கேள்வி வீண்.

பத்திரம் முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். சர்வே எண்ணை உட்பிரிவாகப் பிரிக்க வேண்டியிருந்தால் சர்வேயர் அளக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.