செயலி சொன்ன நேரத்தில் விண்வெளி நிலையம் தெரியவில்லை, வேறொன்று நடுவானில் மறைந்துவிட்டது. உதவி தேவை

விண்தேடி (கேள்வி)

வணக்கம். ஒரு வாரமாக வெறும் கண்ணால் செயற்கைக்கோள் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறேன். கைப்பேசிச் செயலியில் சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்தைப் பார்த்துவைத்து, இரண்டு நாள் மாலை முன்கூட்டியே மாடிக்குப் போய் நின்றேன். மேகமே இல்லை. ஆனாலும் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் நிமிர்ந்து பார்த்தபோது, மேற்கிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி சத்தமில்லாமல் ஏறி வந்தது. மின்னவே இல்லை. உச்சியைத் தாண்டி கிழக்கே கொஞ்சம் இறங்கியதும் மங்கி, அப்படியே காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் தெளிவாகவே இருந்தன. அரை மணி நேரம் கழித்து வடக்கிலிருந்து தெற்காக இன்னொன்று போனது. அது ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை பளிச்சிட்டது.

இவை இரண்டும் என்ன? செயலி சொன்னது ஏன் தெரியவில்லை? பத்து வயது மகளும் என்னுடன் வருகிறாள். முதல் இரண்டு நாளும் ஏமாந்து திரும்பினாள். அடுத்த முறையாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும்.

வடமீன்

பளிச்சிட்டது விமானமாகத்தான் இருக்கும். செயற்கைக்கோளுக்கு விளக்கு கிடையாதே.

இருள்வானம்

விளக்கு கிடையாது என்பது சரி. ஆனால் இது விமானம் இல்லை என்றே நினைக்கிறேன். விமானத்தின் வெள்ளை விளக்கு ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை வெட்டும், கூடவே சிவப்பும் பச்சையும் தெரியும். ஏழெட்டு விநாடி இடைவெளி என்றால், வேலை முடிந்து கைவிடப்பட்ட ராக்கெட் அடுக்கு ஒன்று குட்டிக்கரணம் போட்டபடி சுற்றி வந்திருக்கலாம். நீளமான உருளை அல்லவா? ஒவ்வொரு முறை புரளும்போதும் சூரிய ஒளியை நம் பக்கம் திருப்பிவிடும். கட்டுப்பாடு இழந்த பழைய செயற்கைக்கோள்களும் இப்படிச் செய்யும்.

விண்தேடி, நடுவானில் மறைந்ததற்குக் காரணம் பூமியின் நிழல். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்ற குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும். செயற்கைக்கோள் சூரிய ஒளி பட்டால்தான் தெரியும். மாலையில் நமக்கு இருட்டிவிட்டாலும், 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். நிழலோ கிழக்கு அடிவானத்திலிருந்து மெல்ல எழுந்து, நேரம் ஆக ஆக நம் தலைக்கு மேலே பரவும். மேற்கிலிருந்து வரும் நிலையம் அந்த நிழலுக்குள் நுழைந்ததும், சில விநாடிகளில் அணைந்துவிடும். இருநோக்கியில் பார்த்தால் அணையும் முன் லேசாகச் சிவப்பதும் தெரியும். அது விண்வெளியில் இருப்பவர்களுக்கு வரும் அஸ்தமனம். எனக்கு இந்த வானத்தில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

விடியற்காலையில் இது தலைகீழ். அப்போது நிழல் மேற்கே இருக்கும். அதனால் நிலையம் நடுவானில் திடீரென்று முளைக்கும். நள்ளிரவில் நிலையம் தலைக்கு மேலேயே போனாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, முழுக்க நிழலுக்குள் இருக்கும். உங்களுடைய இரண்டாவது பொருள் அரை மணி நேரம் கழித்தும் தெரிந்தது என்றால், அது இன்னும் உயரமான பாதையில் போயிருக்க வேண்டும். அங்கே வெயில் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும்.

நிழல்கோடு

விண்தேடி, அந்த இரண்டு நாளுக்கும் செயலியில் என்ன போட்டிருந்தது? தொடங்கும் நேரம், அதிகபட்ச உயரக் கோணம், திசை, மேக்னிட்யூட் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்) நான்கையும் எழுதுங்கள். மூன்றாம் நாள் பார்த்தது எவ்வளவு பிரகாசம், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள்.

விண்தேடி

முதல் நாள்: 7.22க்குத் தொடக்கம், வடமேற்கு, அதிகபட்சம் 14 டிகிரி, மேக்னிட்யூட் 0.9.
இரண்டாம் நாள்: 7.10, தென்மேற்கு, 62 டிகிரி, மேக்னிட்யூட் −3.2. இதில் கழித்தல் குறி இருந்ததால் மிகவும் மங்கலாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பார்த்தது வானத்தில் இருந்த எல்லா நட்சத்திரங்களையும் விடப் பிரகாசம். நாலு நிமிடம் தெரிந்திருக்கும். சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

நிழல்கோடு

மேக்னிட்யூட் எண் குறையக் குறைய பிரகாசம் கூடும். துருவ நட்சத்திரம் சுமார் 2, இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் சுமார் −1.5, வெள்ளிக் கிரகம் −4ஐ ஒட்டி. ஆக −3.2 என்பது கண்ணைப் பறிக்கும் ஒளி, தவறவிடவே முடியாது.

முதல் நாள் தெரியாததற்கு 14 டிகிரியே போதும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரம்தான், வடமேற்கில் ஒரு மரமோ கட்டடமோ இருந்தாலே மறைத்துவிடும். 40 டிகிரிக்கு மேல் வரும் நாளாகப் பார்த்து மகளைக் கூட்டிப் போங்கள்.

இரண்டாம் நாள்தான் இடிக்கிறது. செயலியில் எந்த ஊர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் தள்ளிய ஊர் என்றாலே உயரமும் திசையும் மாறிவிடும். நேரமும் கொஞ்சம் நகரும். கணக்கைப் புதுப்பித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் பாருங்கள். நிலையம் காற்றின் உராய்வால் மெல்ல இறங்கும், அவ்வப்போது எந்திரத்தை இயக்கி மேலே தள்ளுவார்கள். அதனால் பழைய கணிப்பை நம்ப முடியாது.

வடமீன்

விளக்கத்துக்கு நன்றி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். எனக்கும் ஒரு சந்தேகம். ஒருமுறை இருபது முப்பது புள்ளிகள் ஒரே கோட்டில் ரயில்போலப் போனதைப் பார்த்தேன். அது?

இருள்வானம்

ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள். முதல் தொகுப்பு 2019 மே மாதம் போனது, ஒரே ராக்கெட்டில் 60. ஏவிய சில நாட்கள் வரை அப்படி நெருக்கமாகத் தெரியும். பிறகு விலகி மேலே ஏறியதும் மங்கிவிடும்.

விண்தேடி

நிழல்கோடு சொன்னதுதான்! போன மாதம் பயணம் போயிருந்த ஊரே செயலியில் இருந்தது. இருப்பிட அனுமதியை நானே அணைத்து வைத்திருந்தேன். சரியான ஊரைப் போட்டுவிட்டு, கடந்துபோன நாட்களின் பட்டியலைப் புரட்டினேன். மூன்றாம் நாள் மாலை, நான் பார்த்த அதே நேரம், மேற்கில் தொடக்கம், அதிகபட்சம் 71 டிகிரி, −3.6. கிழக்கே 48 டிகிரியில் 'நிழலில் நுழைகிறது' என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் பார்த்ததே அதுதானா?

நிழல்கோடு

அதேதான். இனி சந்தேகமே வேண்டாம்.

விண்தேடி

நேற்று மாலை மகளுடன் போனேன். 58 டிகிரிக் கடப்பு. சூரியன் மறைந்த பக்கத்தை வைத்துத் திசை பிடித்தோம், தொடங்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் தாண்டி மரத்துக்கு மேலே வந்துவிட்டது. அவள்தான் முதலில் பார்த்தாள். நிழலில் நுழையும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன், கடைசிப் பத்து விநாடியைச் சத்தமாக எண்ணினாள். அவள் 'மூணு' என்று சொல்லும்போது அணைந்தது. அடுத்து விடியற்காலையில் முளைப்பதைப் பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு மாலைக் கடப்புகள் இந்த வாரத்தோடு முடிகின்றன. விடியல் கடப்புகள் எப்போது தொடங்கும் என்று செயலியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.