கிராங்க் ஷாஃப்டுக்கு மெட்டல் ஸ்ப்ரே: அடிக்கலாமா, கூடாதா?

காசிமேட்டுக்காரன்:
வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. அதற்குள் எஞ்சினைக் கட்டி முடிக்க வேண்டும். ஆறு சிலிண்டர் டீசல். பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டில், நாலாவது மெயின் ஜர்னலில் (ஷாஃப்ட் எஞ்சின் உடலில் உட்கார்ந்து சுழலும் உருளைப் பகுதி) பேரிங் ஷெல் (அதைத் தாங்கும் மெல்லிய உலோக ஓடு) பிடித்துச் சுற்றியதில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. ஷாஃப்ட் ஏற்கெனவே 0.75 அண்டர்சைஸில், அதாவது அசல் விட்டத்தைவிட 0.75 மில்லிமீட்டர் குறைவாக அரைத்த அளவில், இருக்கிறது. 1.00-க்கு அரைத்தாலும் கோடு போகாது என்று கிரைண்டிங் கடையில் சொல்லிவிட்டார்கள். மெட்டல் ஸ்ப்ரே அடித்து, அதாவது உருகிய உலோகத்தைத் தெளித்துப் பூசி, ஸ்டாண்டர்டு (அசல்) அளவுக்கே கொண்டுவரலாம் என்கிறார் ஒருவர். அடித்தால் நடுக்கடலில் நிற்பாய் என்கிறார் இன்னொருவர். புது ஷாஃப்ட் வாங்கப் பணம் இல்லை. படகில் எட்டுப் பேர் போகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
அண்ணே, தாராளமாக அடிக்கலாம், ஆனால் ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவர வேண்டாம். மற்ற ஜர்னல்கள் 0.75-இல் நன்றாக இருக்கும்போது நாலாவதை மட்டும் அந்த அளவுக்கு நிரப்பினால் போதும். கோடு போகும்வரை கடைந்து எடுத்தாலும் ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் போலத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ஸ்ப்ரேக்கு அது மெல்லிய வேலை. முதலில் பிடிப்புக்காக நிக்கல்-அலுமினியம் பாண்ட் கோட், அதன்மேல் 13 சதவீத குரோமியம் உள்ள ஸ்டீல் ஒயரை ஆர்க் கன்னில் (மின்பொறியில் ஒயரை உருக்கித் தெளிக்கும் துப்பாக்கி) அடித்து, பிறகு அளவுக்கு அரைப்போம். வெல்டிங் வைத்தால் ஷாஃப்ட் வளைந்துவிடும். ஸ்ப்ரேயில் ஷாஃப்டின் சூடு 150 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம், வளைவு வராது. அந்தப் பூச்சுக்குள் நுண்ணிய துளைகள் இருக்கும். அவை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பேரிங்குக்கும் நல்லது.

பாடி கிரைண்டிங்:
நான் எதிர்க்கிறேன். இருபத்தெட்டு வருடமாகக் கிராங்க் அரைக்கிறேன், ஸ்ப்ரே உரிந்து வந்த ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்த்தவன். ஒரு ஜெனரேட்டர் எஞ்சின். எங்கேயோ அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆயில் துளையின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, பேரிங்கில் போய்ச் செருகி, அடுத்த இரண்டு ஜர்னலையும் தின்றுவிட்டது.

காரணம் எளிது. ஸ்ப்ரே பூச்சு உலோகத்தோடு உருகி ஒன்றாவதில்லை. மணல் அடித்துச் (பிளாஸ்டிங்) சொரசொரப்பாக்கிய பரப்பில், உருகிய துளிகள் மோதித் தட்டையாகிக் கவ்விக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பிடிப்புக்கு முதல் எதிரி எண்ணெய். கிராங்குக்குள் எண்ணெய் ஓடும் துளைகள் இருக்கின்றன. வெளியே எவ்வளவு கழுவினாலும் சூடு ஏறும்போது உள்ளிருந்து கசியும். இன்னொரு எதிரி நம் ஊர்க் காற்று. பிளாஸ்டிங் முடிந்த பரப்பைச் சென்னைப் புழுக்கத்தில் கொஞ்ச நேரம் விட்டாலே துரு பிடிக்கத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாது, பூச்சுக்குத் தெரியும்.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
நீங்கள் சொன்ன அந்த வேலை செய்தவர்கள் தப்பாகச் செய்திருக்கிறார்கள். அதற்கு முறையையே குறை சொல்லலாமா? நாங்கள் ஷாஃப்டைக் கழுவி, 100 டிகிரி வரை சூடாக்கி, எண்ணெய் கசிந்து நிற்கும்வரை திரும்பத் திரும்பத் துடைக்கிறோம். பிளாஸ்டிங் முடிந்ததும் கை படாமல் உடனே கன்னைப் பிடிக்கிறோம். ஆயில் துளையில் கிராஃபைட் அடைப்பு வைத்து அடித்து, பிறகு விளிம்பை வட்டமாகத் தேய்த்துவிடுகிறோம். உங்கள் ஜெனரேட்டரில் இதில் எது நடந்திருக்கும்?

வேளச்சேரி மெட்டலர்ஜி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இந்தத் துறையில்தான் படிக்கிறேன். ஸ்ப்ரே பூச்சே எஞ்சினுக்கு ஆகாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிஸ்டன் ரிங்கின் முகத்தில் மாலிப்டினம் அடிப்பது பல பத்தாண்டுப் பழக்கம். மாலிப்டினம் உருக 2,600 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உட்சுவராக இருக்கும் குழாய்) உரசும் இடத்தில் ஒட்டிக்கொண்டு கீறுவது குறைகிறது. 2007-இல் வந்த நிசான் ஜிடி-ஆர் காரின் அலுமினிய எஞ்சினில் இரும்பு லைனரே கிடையாது, சிலிண்டர் சுவரில் பிளாஸ்மாவில் (மிகச் சூடான மின்னூட்ட வாயுவில்) அடித்த மெல்லிய இரும்புப் பூச்சுதான்.

எச்.வி.ஓ.எஃப். முறையில் (எரிபொருளையும் ஆக்சிஜனையும் எரித்து, அந்த அதிவேக வாயுவில் தூளைத் தெளிப்பது) டங்ஸ்டன் கார்பைடு அடித்தால் பிடிப்பு இன்னும் பலமாக இருக்கும். அங்கே வேலை செய்வது வெப்பத்தைவிட வேகம். துகள்கள் ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து மோதுவதால் அரைகுறையாக உருகினாலும் நெருக்கமாகப் படிகின்றன, கார்பைடும் கெடுவதில்லை. பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் அதே கார்பைடு கார்பனை இழந்து நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

பாடி கிரைண்டிங்:
தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவை தொழிற்சாலையில், புது உலோகத்தில், அந்தப் பூச்சுக்கென்றே வடிவமைத்த பாகத்தில் செய்தவை. இங்கே இருப்பது எத்தனையோ வருடம் எண்ணெயில் ஊறிய ஷாஃப்ட்.

இன்னொன்று கேட்கிறேன். சிலிண்டருக்குள் அடிக்கச் சுழலும் கன் இருக்கிறது. ரிங்கில் எந்தத் தடையும் இல்லை. கிராங்க் ஜர்னலோ இரண்டு வெப்புக்கு (பக்கவாட்டுத் தகடுகளுக்கு) நடுவில் குழிக்குள் இருக்கிறது. நேர் கோணத்தில் அடித்தால்தான் பூச்சு பலமாக உட்காரும். ஓரத்தில், ஜர்னலும் வெப்பும் சேரும் வளைந்த மூலையான ஃபில்லட்டுக்குப் பக்கத்தில், கன்னை அப்படி எங்கே பிடிப்பீர்கள்? வெப்பில் பட்டுத் தெறிக்கும் தூசியும் அதே மூலையில்தான் படியும். ஷாஃப்டின் மொத்த அழுத்தமும் சேரும் இடம் அது.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
நல்ல கேள்வி, இதை நான் மழுப்பப் போவதில்லை. ஃபில்லட்டில் நாங்கள் அடிப்பதே இல்லை. மறைப்புக் கட்டிவிட்டு, அதற்கு முன்பே பூச்சை நிறுத்துகிறோம். பேரிங் ஷெல்லும் ஃபில்லட்டின் மேல் ஓடுவதில்லையே. கடைந்த பள்ளத்தின் முடிவைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக விடுகிறோம், விரிசல் பிறக்க மூலை கிடைக்காது. கனெக்டிங் ராடு பிடிக்கும் கிராங்க் பின்னுக்கு நானே ஸ்ப்ரே அடிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் அடி விழுகிறது. மெயின் ஜர்னலுக்கு மட்டும்தான் அடிக்கிறேன்.

பாடி கிரைண்டிங்:
பின்னுக்கு அடிப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இதைச் சொல்லாத கடைகள்தான் பயம்.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. பூச்சு அளவைத் தரும், கடினத்தைத் தரும், பலத்தைத் தராது. கடைந்து எடுத்த உலோகம் போனது போனதுதான், ஷாஃப்ட் அந்த அளவுக்கு மெலிந்ததாகவே கணக்கு. லாரியாக இருந்தால் ஓரம் கட்டலாம். கடலில் எஞ்சின் நின்றால் எட்டுப் பேர் என்ன செய்வார்கள்? அதே அளவில் நல்ல பழைய ஷாஃப்டைத் தேடி வாங்கச் சொல்வேன்.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
பழைய ஷாஃப்டில் என்ன வரலாறு என்று உங்களுக்குத் தெரியுமா? அதுவும் எங்காவது வெல்டிங் வாங்கியிருக்கலாம். தெரிந்த ஷாஃப்டை முறையாகச் சரிசெய்வது தெரியாத ஷாஃப்டை மாட்டுவதைவிடப் பாதுகாப்பு என்றே நம்புகிறேன்.

காசிமேட்டுக்காரன்:
மின்முலாம் தொட்டியில் ஹார்டு குரோம் ஏற்றினால் என்ன?

வேளச்சேரி மெட்டலர்ஜி:
அண்ணா, வேண்டாம். குரோம் படிவுக்குள் மயிரிழை வெடிப்புகள் இயல்பாகவே இருக்கும், திரும்பத் திரும்ப வளையும் ஷாஃப்டில் அவை கீழே இறங்கக்கூடும். தொட்டியில் வேலை செய்பவர்கள் சுவாசிக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. பல நாடுகளில் அதற்கு மாற்றாகத்தான் கார்பைடு ஸ்ப்ரே வந்தது.

பாடி கிரைண்டிங்:
ஸ்ப்ரேயோ, வேறு ஷாஃப்டோ, முதலில் காந்தத்தூள் கிராக் டெஸ்ட் (காந்தமாக்கிய ஷாஃப்டில் தூள் போட்டால் விரிசலில் கோடாக நிற்கும்) செய்யுங்கள். ஷெல் பிடித்த சூட்டில் ஜர்னல் வெந்திருக்கும். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் வளைவும் பாருங்கள். இது தெரியாமல் நாங்கள் இருவரும் சண்டை போடுவதில் பயனில்லை.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
இதில் மறுபேச்சே இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் நான் ஷாஃப்டைத் தொடமாட்டேன்.

காசிமேட்டுக்காரன்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். நாலாவது ஜர்னலில் விரிசல் இல்லை, வளைவும் இல்லை. ஆனால் யாரும் சந்தேகப்படாத இரண்டாவது பின்னின் ஃபில்லட்டில் அரை விரல் நீளத்துக்குக் கோடு போலத் தூள் நின்றது. அரைத்துப் பார்த்தும் போகவில்லை. ஷாஃப்டைக் கழித்துவிட்டோம். மச்சானிடம் கடன் வாங்கி 0.25-இல் இருக்கும் ஒரு பழைய ஷாஃப்ட் பார்த்திருக்கிறேன், அதையும் டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்பத்தூர் அண்ணே, கடல்நீர் பம்ப் ஷாஃப்டில், நீர் கசியாமல் தடுக்கும் சீல் உட்காரும் இடம் பள்ளமாகிவிட்டது. அதற்கு அடிக்கலாமா?

பாடி கிரைண்டிங்:
அதற்கு அடியுங்கள். எனக்கு ஆட்சேபணை கிராங்கில் மட்டும்தான்.

அம்பத்தூர் ஸ்ப்ரே:
கொண்டு வாருங்கள். அந்த இடத்துக்கு ஸ்டீல் வேண்டாம், பிளாஸ்மாவில் குரோமியம் ஆக்சைடு செராமிக் அடிக்கிறேன், சீல் அதைச் சீக்கிரம் அறுக்க முடியாது. ஆனால் செராமிக்கின் துளைகள் வழியே உப்புநீர் இறங்கினால் அடியில் இருக்கும் உலோகம் அரித்துப் பூச்சு தூக்கிக்கொள்ளும். அதனால் அடித்ததும் சீலர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் வைர வீலில்தான் அரைக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ்ஸா, சாதா ஸ்டீலா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.