நர்சிங் விண்ணப்பம்: பிசி சான்றிதழை எங்கே கொடுப்பது? அவசர உதவி தேவை

காவிரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறது. இணைய விண்ணப்பத்தில் வகைப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பிசி என்பதே இல்லை. ஓபிசி-என்சிஎல் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ் எண்ணையும் வழங்கிய தேதியையும் கேட்கிறது. எங்களிடம் இருப்பது ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மட்டுமே. இ-சேவை மையத்தில் விசாரித்தபோது, எங்கள் வீட்டு வருமானத்துக்கு வேறு சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மலைச்சாரல்

கைபேசியில் விண்ணப்பித்தால் பட்டியல் முழுவதும் தெரியாமல் போவதுண்டு. என் மகளுக்கு விண்ணப்பித்தபோது நானும் இப்படித்தான் திணறினேன். கணினியில் வேறு உலாவியைத் திறந்து பார்த்த பிறகுதான் எல்லாப் பிரிவுகளும் தெரிந்தன. முதலில் அதைச் செய்து பாருங்கள். சான்றிதழை ஸ்கேன் செய்யும்போது கோப்பின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு ஏழு

ஐயா, நீங்கள் எழுதியதை வைத்து யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. எந்த நிறுவனத்துக்கான விண்ணப்பம் இது? தமிழ்நாடு அரசின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வா, மத்திய அரசு நிறுவனமா, தனியார் கல்லூரியா? பிள்ளை நீட் எழுதியதா? இ-சேவை மையத்தில் வருமானத்தைப் பற்றிச் சொன்னார்கள் என்கிறீர்களே, பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள்? நான் திருச்சியில் செவிலியராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் உறவுக்காரப் பிள்ளைகளுக்காக இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவள் என்பதால் கேட்கிறேன்.

நெய்தல்

இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நீட் எழுதியிருந்தால் ராணுவச் செவிலியர் சேவைக்கான பி.எஸ்சி. நர்சிங்கைப் பாருங்கள். புனே, கொல்கத்தா, மும்பை, தில்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் உள்ள கல்லூரிகளிலும் சேர்த்து 220 இடங்கள் இருக்கின்றன. படித்து முடித்தவுடன் அதிகாரியாகவே பணியில் சேரலாம். உயரம் 152 செ.மீ. இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு எழுதுவதாக இருந்தால் எய்ம்ஸ் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் முப்பது முப்பது கேள்விகளும் பொது அறிவில் பத்துக் கேள்விகளுமாக இரண்டு மணி நேரத்தில் நூறு கேள்விகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்துகள்.

கலந்தாய்வு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் நானே பதில் எழுதுகிறேன். தகவல் கையேட்டின் இட ஒதுக்கீட்டுப் பகுதியைப் படித்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது. படிக்காமல் கடைசி வாரத்தில் ஓடிவருவது பெற்றோரிடமும் மாமாக்களிடமும் நான் தொடர்ந்து பார்க்கும் பழக்கம்.

உலாவிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிசி (பிற்படுத்தப்பட்டோர்), எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்), டிஎன்சி (சீர்மரபினர்) ஆகியவை தமிழ்நாட்டின் பிரிவுகள். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி மாநிலத்தில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு வருமான வரம்பு கிடையாது, சான்றிதழும் ஒரு முறை வாங்கினால் போதும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் இந்தப் பிரிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஓபிசி என்ற ஒரே பிரிவும் 27 விழுக்காடு ஒதுக்கீடும்தான் உண்டு. அதிலும் கிரீமிலேயர் எனப்படும் முன்னேறிய பிரிவினர் விலக்கப்படுவதால், அவ்வாறு முன்னேறியவர் அல்லர் என்று மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியர் தனியாகச் சான்று அளிக்க வேண்டும். அதுதான் ஓபிசி-என்சிஎல் (நான்-கிரீமிலேயர்) சான்றிதழ். குடும்ப நிலை மாறக்கூடியது என்பதால்தான் அந்தச் சான்றிதழ் அண்மையில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பெரும்பாலான விண்ணப்பங்களில் நடப்பு நிதியாண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் ஏற்பார்கள். ஆகவே உங்களிடம் இருக்கும் சான்றிதழ் செல்லாதது அன்று. இந்த விண்ணப்பத்துக்கு உரியது அன்று. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியலைத் திறந்து உங்கள் சாதிப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காவிரிக்கரையான்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பிப்பது மத்திய அரசின் மருத்துவ நிறுவனமான ஜிப்மருக்கு, புதுச்சேரி. நீட் எழுதியிருக்கிறான். மத்தியப் பட்டியலில் எங்கள் சாதி இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அக்கா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவரைப் பார்த்து வளர்ந்ததால்தான் இவனுக்கும் இந்தப் படிப்பின் மேல் இவ்வளவு ஆசை. மச்சானுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை, விவசாயம் தவிர வேறு வருமானம் இல்லை. அக்காவின் சம்பளத்தையும் நெல் வருமானத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இ-சேவையில் மறுத்தது அதற்காகத்தான்.

மலைச்சாரல்

எட்டு லட்சத்தைத் தாண்டினால் கிடைக்காது என்பது உண்மைதான். பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, மீதியை மதிப்பெண்ணிடம் விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினன்

தயவுசெய்து பொதுப் பிரிவில் பதிந்துவிடாதீர்கள். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். இந்த ஒரு தவறான கணக்கால் தகுதியுள்ள பிள்ளைகள் வாய்ப்பை இழந்ததைக் கண்கூடாகப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

கிரீமிலேயரைத் தீர்மானிப்பது 08.09.1993 நாளிட்ட மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை. அதன் எண் 36012/22/93. எட்டு லட்சம் என்ற இப்போதைய வரம்பு 2017இல் வந்தது. ஆனால் அந்த எட்டு லட்சத்தைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய நிலத்திலிருந்து வரும் வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்று அந்தக் குறிப்பாணையே சொல்கிறது. வீட்டு வாடகை, வணிகம், வட்டி போன்ற பிற வருமானங்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பைத் தாண்டினால்தான் வருமானத்தைக் காட்டி ஒருவரை விலக்க முடியும்.

அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை சம்பளத்தை அல்ல, பதவியின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் நேரடி நியமனத்தில் குரூப் ஏ அதிகாரியாக இருந்தாலோ, இருவருமே குரூப் பி பதவியில் நேரடியாகச் சேர்ந்தவர்களாக இருந்தாலோ பிள்ளைக்குச் சலுகை இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் மட்டுமே அரசுப் பணியில் இருக்கிறார். ஸ்டாஃப் நர்ஸ் குரூப் ஏ பதவி அன்று என்பதால், அவர் பியில் இருந்தாலும் சியில் இருந்தாலும் உங்கள் மருமகனுக்குத் தடை இல்லை. நிலத்துக்குத் தனி விதி உண்டு. ஒரு குடும்பம் அதிகபட்சமாக வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் நில உச்சவரம்பில் 85 விழுக்காட்டை எட்டும் அளவுக்குப் பாசன நிலம் இருந்தால்தான் விலக்குவார்கள். நான்கு ஏக்கர் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சாதாரண வருமானச் சான்றிதழில் எல்லா வருமானத்தையும் கூட்டித்தான் எழுதுவார்கள். அதே தொகையை எடுத்து ஓபிசி விண்ணப்பத்துக்கும் பொருத்திவிடுகிறார்கள். எனவே வருமானச் சான்றிதழை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள். தாயாரின் பணிச் சான்று, அவருடைய பதவி எந்தக் குரூப்பைச் சேர்ந்தது என்று அவர் அலுவலகம் எழுதித் தரும் கடிதம், சம்பளச் சீட்டு, தந்தையின் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல், பிள்ளையின் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, குறிப்பாணையின் நகல் ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவேற்றுங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத்தான் வட்டாட்சியரிடம் போகும். இணையத்தில் பதிந்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல் மூவரையும் நேரில் பார்த்து விவரத்தைச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் இருப்பவர் விண்ணப்பத்தைப் பதிவு செய்பவரே தவிர, தகுதியை முடிவு செய்பவர் அல்லர்.

வார்டு ஏழு

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சான்றிதழில் வரும் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். கையில் வாங்கியதும் அதைச் சரிபாருங்கள். நீட் விண்ணப்பத்தில் தம்பிக்கு எந்த வகைப்பிரிவைப் போட்டீர்கள்? இரண்டிலும் ஒன்றாக இருப்பதே நல்லது.

இன்னொன்று, நீங்கள் இப்போதுதான் "எழுதியிருக்கிறான்" என்று சொல்கிறீர்கள். நெய்தல் குறிப்பிட்ட ராணுவச் செவிலியர் படிப்பும் எய்ம்ஸின் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங்கும் பெண்களுக்கு மட்டுமே உரியவை. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பும் அப்படித்தான். ஜிப்மரில் ஆண்களுக்கு இடம் உண்டு, ஆனால் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கும். எனவே தமிழ்நாடு தேர்வுக் குழுவின் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வுக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அங்கே நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, உங்களிடம் இருக்கும் பிசி சான்றிதழே அங்கே போதும்.

நெய்தல்

"அக்கா பிள்ளை" என்றதும் பெண் என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த விதியே எனக்கு நியாயமாகப் படவில்லை. நோயாளிகளில் பாதிப்பேர் ஆண்கள். அவர்களைத் தூக்கவும் திருப்பவும் சிறுநீர்க் குழாய் பொருத்தவும் ஆண் செவிலியர் தேவைப்படுகிறார்கள். நாட்டின் முதன்மையான நிறுவனமே ஆண்களுக்குக் கதவை அடைப்பது எப்படிச் சரியாகும்?

கலந்தாய்வு வழிகாட்டி

பெண்கள் சம்பளத்துக்கு வெளியே போய் வேலை பார்ப்பதைக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய முதல் தொழில்களில் செவிலியர் பணியும் ஒன்று. அந்த இடங்களையும் பொதுவாக்கிவிட்டால், வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளின் பெண்கள்தான் முதலில் வெளியேறுவார்கள். விடுதி வசதியையும் மகப்பேறு வார்டுகளில் பயிற்சியையும் கருத்தில் கொள்ளாமல் பேசுவது எளிது.

மூன்றாம் ஆண்டு மாணவன்

நான் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஆண் என்பதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேறுகாலச் செவிலியம் எங்களுக்கும் கட்டாயப் பாடம்; பிரசவ வார்டில் நாங்களும் பயிற்சி பெறுகிறோம், தாய்மாரின் ஒப்புதலோடும் ஆசிரியரின் மேற்பார்வையோடும். படிப்பில் மட்டுமல்ல, வேலையிலும் கதவு குறுகலாகத்தான் இருக்கிறது. எய்ம்ஸ் செவிலிய அலுவலர் பணியிடங்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 விழுக்காடு என்று 2019இல் முடிவெடுத்த பிறகு, எங்கள் மூத்த மாணவர்கள் பலர் பெண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தும் வெளியே நின்றார்கள். பெண்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. முழுவதுமாக அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கலந்தாய்வு வழிகாட்டி

20 விழுக்காடு என்பது முழுவதுமாக அடைப்பது அன்று, தம்பி. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன்

வேலையில் 20 விழுக்காடு. நான் சொல்வது படிப்பில் சேர்வதைப் பற்றி, ஐயா. சரி, இழைக்குத் திரும்புகிறேன்.

காவிரிக்கரையான் மாமாவுக்கு: இடம் எங்கே கிடைத்தாலும் தம்பி இந்த இடைக்காலத்தை வீணாக்க வேண்டாம். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி போட்டிருக்கிறானா என்று பாருங்கள். மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆகும். இப்போதே தொடங்கினால்தான் வார்டுப் பணிகள் மிகும் காலத்துக்குள் முடியும். முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலிய அடிப்படை ஆகியவற்றோடு ஆங்கிலமும் ஒரு பாடம். தமிழ் வழியில் படித்து வந்த எங்களுக்கு உடற்கூறியலின் பெயர்கள்தான் முதல் மாதங்களில் பெரிய சுமையாக இருந்தன. எலும்புகளின் பெயர்களையும் உறுப்பு மண்டலங்களையும் ஆங்கிலத்தில் சொல்லவும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதவும் இப்போதே பழகினால், வகுப்பில் ஆசிரியர் சொல்வதைப் பின்தொடர முடியும். தாயார் செவிலியராக இருப்பதால் ரத்த அழுத்தம் பார்ப்பது, நாடி எண்ணுவது, கை கழுவும் முறை ஆகியவற்றை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

மலைச்சாரல்

சம்பளத்தைச் சேர்க்கக் கூடாது என்பது எனக்குப் புதிய செய்தி. என் கணவர் தனியார் ஆலையில் மேற்பார்வையாளர். அவருக்கும் இதே விதிதானா?

ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினன்

இல்லை, அம்மா. தனியார் வேலையில் பதவியை அரசுப் பதவியோடு ஒப்பிட்டு நிலை வகுக்க முடியாதபோது சம்பளத்தையும் தனியாக எடுத்து எட்டு லட்சத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். விவரங்களைத் தனியாக எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

காவிரிக்கரையான்

வருவாய் ஆய்வாளரை நேரில் பார்த்தோம். குறிப்பாணை நகலைக் காட்டியதும் சம்பளத்தைச் சேர்க்காமல் பரிந்துரைத்தார். வட்டாட்சியர் கையொப்பத்துடன் சான்றிதழ் வந்துவிட்டது. விண்ணப்பமும் பதிந்தாயிற்று. தேர்வுக் குழுவுக்கும் விண்ணப்பித்துவிட்டோம். அனைவருக்கும் நன்றி.

வார்டு ஏழு

மிக்க மகிழ்ச்சி. நீட் விண்ணப்பத்தில் எந்த வகைப்பிரிவு என்று நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாளில் அதைக் கேட்கக்கூடும். நீட் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.