பிரிவு 17 நடத்தும்போது வகுப்பே கப்சிப். எப்படிக் கையாள்வது?

கேள்வி (சமூக அறிவியல் ஆசிரியர்):
பத்தாம் வகுப்பு, அரசியலமைப்புப் பாடம். அதுவரை கலகலவென்று பேசியவர்கள், போர்டில் 'தீண்டாமை ஒழிப்பு' என்று எழுதியதும் அடங்கிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் இரண்டு பேர் ஜாடை காட்டிச் சிரித்தார்கள். ஒரு பையன் தலையே நிமிரவில்லை. பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள், அது வேறு. இந்த வகுப்பைப் பேச வைப்பது எப்படி?

தென்காசி டீச்சர்:
முதலில், அந்தப் பையனை எழுப்பி "நீ சொல்லுப்பா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் சார். நல்ல மனசோடு கேட்டாலும் அவனைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

நான் பொது இடங்களில் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிற பிரிவு 15(2)-இல் தொடங்குவேன். கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று நம் ஊரே அதில் இருக்கிறது. அப்புறம் துண்டுச்சீட்டு கொடுத்து, "உன்னை ஒதுக்கிய ஒரு இடம், எப்படி இருந்தது?" என்று பெயர் போடாமல் எழுதச் சொல்வேன். வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் என் கையெழுத்தில் மாற்றி எழுதிவிடுவேன். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற வயசு அது. மறுநாள் வாசித்துவிட்டு, எது சட்டப்படி குற்றம் என்று பிரிக்கச் சொல்வேன். கிரிக்கெட்டில் சேர்க்காததற்கு வழக்குப் போட முடியாது. டீக்கடையில் சாதி பார்த்துத் தனி டம்ளர் என்றால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். மறுத்துப் பேசுகிறவன், முன்னால் பேசியவன் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கலாம். சிரிப்பு அங்கேயே பாதி அடங்கிவிடும்.

இன்னொருவர்:
கேட்க நன்றாக இருக்கிறது. பப்ளிக் எக்ஸாம் வகுப்பில் போர்ஷனை யார் முடிப்பது? நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

தென்காசி டீச்சர்:
கழற்றச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். கழற்றிய கயிறு பைக்குள் போகிறது, பஸ் ஏறியதும் கைக்கு வந்துவிடுகிறது! போர்ஷனும் கெடாது. அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிற பிரிவு 32-க்கும் அதே சீட்டுகள்தான்: கடமையைச் செய்யாத அதிகாரி மேல் எந்தப் பேராணை (நீதிமன்ற உத்தரவு) கேட்கலாம் என்றால், 'கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை' மனப்பாடம் இல்லாமலே வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மாற்றி எழுதுவது எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டில் பெரிய விஷயம் ஏதாவது வந்துவிட்டால்?

தென்காசி டீச்சர்:
வகுப்பில் வாசிக்கவே கூடாது. ஹெச்.எம்.மிடம் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாதே என்பீர்கள். அதனால்தான் சீட்டைக் கொடுக்கும்போதே, "சாயங்காலம் லைப்ரரியில் இருப்பேன், யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று சொல்லி வைப்பேன்.